பாப்பாவைத் தூங்க வைத்த கார்

சிலருக்கு அழகான கார் பிடிக்கும். கண்ணாடிக்காரருக்குக் கோணல் கார்தான் பிடிக்கும். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதித்து நம்பர் சொல்கிறவர். ஆனால் பழைய கார் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கதவு பின்பக்கமாகத் திறக்கிற கார், மூன்றே சக்கரத்தில் ஓடுகிற கார், ஒற்றை வைப்பர் கார் என்று இந்த ரகத்தில் நான்கு வாங்கி, ஆசை தீர ஓட்டி, நான்கையும் கைமாற்றிவிட்டார். "ஊர்ல சின்னப் பசங்க நாய்க்குட்டியத் தூக்கிட்டு வருவாங்க. எங்க வீட்ல இவரு காரத் தூக்கிட்டு வராரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்தாவதாக வந்ததுதான் இந்தக் குட்டிக் கார். முட்டை மாதிரி உருண்டை. எஞ்சின் பின்னால், பெட்டி வைக்கிற இடம் முன்னால். முன்விளக்கு இரண்டும் ரொம்பக் கிட்டக் கிட்ட இருந்ததால் எப்போது பார்த்தாலும் திருட்டு முழி முழிக்கும். அந்த முழிக்குத்தான் மனுஷர் விழுந்தார்.

விற்றவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. கார் அவருடைய காலமான அண்ணனுடையது. ஷெட்டைத் திறந்து காட்டியபோதே அந்த அம்மா ஒன்று சொன்னார்.

"அண்ணன் இருபது வருஷம் ஓட்டினாரு தம்பி. வண்டி மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. பின்சீட்டுக்குக் கீழ ரெண்டு தகர மூடி போட்டு அடைச்சிருக்காரு. அத மட்டும் கழட்டிடாதீங்க."

"ஏன்னு சொன்னாரா?"

"சொல்லியிருப்பாரு. எனக்கு வண்டி பாஷை எங்க புரியுது? கழட்டக் கூடாதுன்னாரு, அவ்வளவுதான் தெரியும்."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். தலை இங்கே ஆடியது, கை அதற்குள் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கி அந்தத் தகர மூடிகளைப் பார்த்தார். அவை பிஸ்கட் டப்பா மூடிகள். இப்படி ஒரு வண்டியில் போய் பிஸ்கட் டப்பா மூடியைத் திருகி வைக்க ஒருத்தனுக்கு எப்படி மனசு வந்தது என்று மனைவியிடம் புலம்பினார்.

வண்டி தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, வெறும் காற்றுதான். குளிர்காலத்தில் உள்ளே சூடு வேண்டுமென்றால், புகைக்குழாயைச் சுற்றித் தகர உறை போட்டு, அதற்குள் காற்றை ஓடவிட்டு, அந்தச் சூடான காற்றைப் பின்சீட்டுக்குக் கீழே இரண்டு துவாரம் வழியாக உள்ளே விடுவார்கள். குழாய் நன்றாக இருக்கும் வரை ஒரு கேடும் இல்லை. குழாயில் சின்னதாகத் துரு ஓட்டை விழுந்தால் போதும், எஞ்சின் கக்குகிற புகை அந்தக் காற்றோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். அதில் ஆளைக் கொல்கிற பங்குக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. காலமான அண்ணன் இதைத் தெரிந்துகொண்டுதான் துவாரங்களை அடைத்துவிட்டு, இருபது குளிர்காலம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

கண்ணாடிக்காரருக்கும் இது தெரியாமல் இல்லை. மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னான்.

"சார், குழாய் நோஞ்சானா இருக்கு. புதுசு கெடைக்குது. அத மாட்டிட்டு அப்புறமா மூடியக் கழட்டுங்க."

"புதுக் குழாயில கம்பெனி முத்திரை இருக்குமா?"

"புதுசுல எப்படி சார் பழைய முத்திரை இருக்கும்?"

"அப்ப வேணாம்."

பழைய கார்ப் பைத்தியங்களுக்கு இது ஒரு தனி வியாதி. அவர்களுக்குள் ஓட்டை உடைசல் அவமானம் இல்லை, அசல் இல்லாததுதான் அவமானம். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் ஒரு மைதானத்தில் கூடி, ஒருவர் வண்டியை ஒருவர் குடைந்து பார்ப்பார்கள். அதற்கு மார்க் போடுகிறவர் முன்னாள் தேர்வு அதிகாரி ஒருவர். நோட்டும் டார்ச்சுமாக வண்டிக்கு அடியில் படுத்து, மாற்றிப் போட்ட ஒவ்வொரு திருகுக்கும் அரை மார்க் கழிப்பதால் அவருக்கு 'அரை மார்க்' என்றே பெயர். குட்டிக் காரை முதன்முதலாகக் கொண்டுபோன அன்று அவர் பின்சீட்டைத் தூக்கினார், டார்ச்சை அடித்தார்.

"என்னய்யா இது, காரா, பலகாரக் கடையா? மூடிக்கு அரை, மூடிக்கு அரை. ஒரு மார்க் அவுட்டு."

கூட்டமே சிரித்தது. தன்னைப் பத்துப் பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடக் கண்ணாடிக்காரர் பொறுத்திருப்பார். வண்டியைப் பார்த்துச் சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு மூடிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். குழாயையும் இறக்கித் துடைத்துப் பார்த்தார். முத்திரை மேல்பக்கம் இருந்தது, மேல்பக்கத்தைத்தான் பார்த்தார். கறுப்புப் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டினார். ஓட்டை இருந்தால் புகை நாறாதா, நாறினால் தெரியாதா என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

இப்போது பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றே கால் வயது. தூக்கம் என்ன விலை என்று கேட்கிற பிள்ளை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிணுங்க ஆரம்பித்தால் வீடு இரண்டுபடும். தோளில் போட்டு நடந்து நடந்து தாய்க்குத் தோள்பட்டையே இறங்கிப்போயிருந்தது. குளிர் தொடங்கிய முதல் வாரத்தில், காற்றாட ஒரு சுற்று போய்வரலாம் என்று மூன்று பேரும் குட்டிக் காரில் கிளம்பினார்கள். தாயும் பிள்ளையும் பின்சீட்டில். கண்ணாடிக்காரர் சூட்டு நெம்புகோலை இழுத்தார். கீழிருந்து இதமாகச் சூடு வந்தது. பத்தே நிமிஷம், பாப்பா அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டாள்.

"ஏங்க, தூங்கிட்டாங்க" என்றாள் மனைவி.

"என் வண்டியப் பத்தி இனிமே எதாவது பேசுவ?"

அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம். ஆறு மணி ஆனால் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள். அவருக்கும் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிள்ளையைத் தூங்க வைக்கிற கார் உலகத்திலேயே தன்னிடம்தான் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் மனைவி சொன்னாள்: "வண்டிய விட்டு எறங்கினாலே தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

கடையில் உட்கார வைத்துக் கண்ணைச் சோதித்தார். கால் பாயின்ட் குறை இருந்தது. கால் பாயின்ட் யாருக்குத்தான் இல்லை? நல்ல சட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே லென்ஸ் தீட்டி, கண்ணாடி செய்து போட்டுவிட்டார். அவளுக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தலைவலி மட்டும் போகவில்லை.

"உள்ள ஒரு மாதிரி வாடை வருதுங்க."

"பழைய வண்டின்னா வாடை வரத்தான் செய்யும். அந்த வாசனைக்காகவே ஆளுங்க பழைய வண்டி வாங்குறாங்க, தெரியுமா?"

அவருக்குத் தலைவலி வரவில்லை. அந்தக் காரில் இன்டிகேட்டருக்குப் பதில் பக்கவாட்டில் கை மாதிரி ஒரு தகடு நீளும். அது எப்போதோ சிக்கிக்கொண்டுவிட்டது. அதனால் அவர் தன் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டித்தான் ஓட்டுவார். குளிர்காற்று அவர் முகத்தில் அறையும். சூடு முழுக்கப் பின்சீட்டுக்கு.

பாப்பா காலையில் மந்தமாக எழுந்தாள். இரண்டு தடவை பால் கக்கினாள். பல் முளைக்கிறது என்றார்கள். பல் முளைக்கிற வயதுதான்.

வருஷாந்திரக் கூட்டம் அடுத்த ஊரில். இரண்டரை மணி நேர ஓட்டம். விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். வெளியே பனி அப்பியிருந்தது. முன்சீட்டில் கருவிப் பெட்டியும் பாலிஷ் டப்பாக்களும் ஏறிக்கொண்டதால் வழக்கம்போல மனைவிக்கும் பிள்ளைக்கும் பின்சீட்டு. நெம்புகோலை முழுக்க இழுத்துவிட்டார். அரை மணி நேரம் அவர் பேச்சுக்கு அவள் 'ம்' கொட்டினாள். பிறகு 'ம்' நின்றது. ராத்திரி முழுக்கத் துணி மடித்துப் பெட்டி கட்டியவள், தூங்கட்டும் என்று அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார். பெட்ரோல் போடுகிறவர் குட்டிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடிக்காரர் ஆசையாசையாகக் கதவைத் திறந்து உள்ளே காட்டினார்.

"பாப்பா கன்னத்தப் பாருங்க சார், ஆப்பிள் மாதிரி!"

"அவங்கம்மா கலரு" என்று சிரித்தார் கண்ணாடிக்காரர்.

பிறகு, தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று கதவை மெல்ல, சத்தமே வராமல் சாத்தினார். அந்தக் கதவை அவர் ஓங்கி அறைந்து சாத்தியிருக்கக் கூடாதா, மனைவியைத் தட்டி எழுப்பி ஒரு வாய் டீ குடி என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் புகை ரத்தத்தில் ஏறினால் கன்னம் அப்படித்தான் சிவக்கும். சிவந்த பிஞ்சுக் கன்னத்தைப் பார்த்தவர் இரண்டு பேர். இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

மைதானத்துக்கு வந்து சேர்ந்ததும் அரை மார்க் நோட்டோடு வந்து நின்றார்.

"மூடியக் கழட்டிட்டியாமே! சூடு வருதா?"

"கைய வெச்சுப் பாருங்க. மெதுவா, தூங்குறாங்க."

அரை மார்க் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை நுழைத்தார். "அட! ஒரிஜினல் குழாயோட சூடு வர்ற வண்டி இங்க இது ஒண்ணுதான்யா. ஒரு மார்க்கும் குறைக்க முடியாது" என்றார். கையை எடுக்கும்போது மனைவியின் கால் இடறியது. "கொஞ்சம் காலை நகர்த்துங்கம்மா" என்றார். கால் நகரவில்லை. அவள் தலை ஒரு பக்கமாகச் சரிந்து கதவில் முட்டியது.

வாழ்நாள் முழுக்கத் திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்தான் அன்று முதலில் ஆளைப் பார்த்தார்.

"யோவ், இவங்க தூங்கலய்யா!"

நான்கைந்து பேர் ஓடிவந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது. தாயை ஒரு அறையிலும் பிள்ளையை இன்னொரு அறையிலும் போட்டு, மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. வெளியே வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், நின்றபடியே எழுதினார்.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் வண்டிக்குள்ள இருந்தாங்க?"

"ரெண்டரை மணி நேரம்."

"இதுக்கு முன்னாடி?"

"தினமும் அரை மணி. முப்பத்தோரு நாள்."

"தினமுமா? குழந்தை அழவே இல்லையா?"

"தூங்குவா டாக்டர். நல்லா தூங்குவா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ஏதாவது திட்ட மாட்டாரா என்று கண்ணாடிக்காரர் காத்து நின்றார். டாக்டர் உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் மனைவிக்கு நினைவு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதாங்க. நான்தானே தினமும் கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்கன்னு உங்கள நச்சரிச்சேன். என் தூக்கத்துக்காகப் பிள்ளைய..."

காரை விற்ற நர்ஸ் அம்மா சொன்னது அவளுக்குத் தெரியாது. மெக்கானிக் சொன்னதும் தெரியாது. அவர் வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குள் ஒரு நிம்மதி வந்தது. பழி வேறு பக்கம் போகிறதே என்கிற கேடுகெட்ட நிம்மதி. அது ஒரு நொடிதான் இருந்தது, ஆனால் இருந்தது. "அழாத" என்று மட்டும் சொன்னார். அவள் அவருடைய கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

"பாப்பா கண்ணு முழிச்சிட்டா. அப்பா வாங்க" என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள்.

ஓடினார். பாப்பாவின் கண் இரண்டும் விரியத் திறந்திருந்தன. இமை சிமிட்டின. அழுகை இல்லை. "பாப்பா" என்றார். குரல் வந்த பக்கம் தலை திரும்பியது. கண் அவரைத் தாண்டி எங்கேயோ நின்றது.

அவர் ஆள்காட்டி விரலை அவள் முகத்துக்கு நேரே நிறுத்தினார். கடைக்கு வந்த எத்தனையோ குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார். விரலை மெதுவாக இடமிருந்து வலமாகக் கொண்டுபோனார். திரும்பக் கொண்டுவந்தார். கண்கள் அப்படியே இருந்தன.

"மயக்கம் இன்னும் தெளியல சார். கொஞ்சம் பொறுங்க" என்றாள் நர்ஸ்.

"எவ்வளவு நேரம் பொறுக்கணும்?"

"டாக்டர்தான் சொல்லணும்."

அவர் இன்னும் கிட்டப் போய்க் குனிந்தார். விரலை மறுபடி இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.