குறட்டைக்கு ஒரு திருத்தம்

ராயக்கோட்டை மாதேஸ்வரி இணையத்தில் எழுதுகிறாள் என்பது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பழைய கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவன் அவளைப் பாலியல் வன்கொடுமை செய்தான். அந்த நாசமாய்ப் போனவன்மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. ஊரில் பார்த்தவர்களெல்லாம் "பாவம்" என்று உச்சுக்கொட்டியது அவளுக்கு இன்னொரு அடியாக விழுந்தது. அதனால்தான் ராயக்கோட்டைச் சந்தைக்குப் பெயர் வாங்கித் தந்த தக்காளியை வைத்து 'தக்காளிக்காரி' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டு வலைப்பூ தொடங்கினாள். முதலில் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். முகம் தெரியாத பெண்கள் "எனக்கும்தான்" என்று பதில் எழுதினார்கள். மனம் லேசாக லேசாக, இப்போது வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனியின் கேன்டீன் சாம்பாரையும் பஸ்ஸையும் கிண்டலடிக்கவும் கை வந்தது.

அந்தக் கிண்டல்தான் வினையாயிற்று. "பக்கத்து சீட் அக்கா உத்தனப்பள்ளியில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவார். ஓசூர் வந்தாச்சா என்று கன்னடத்தில் கேட்டபடி விழிப்பார்" என்று எழுதிவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில், பின் சீட்டு ஹரிணி போனில் கண்ணில்பட்ட அதைச் சத்தமாகப் படித்தாள். பஸ்ஸே சிரித்தது. அந்த பஸ்ஸில் முதல் நாள் யார் எங்கே உட்கார்ந்தார்களோ அதுதான் கடைசிவரை அவரவர் இடம். எல்லோரும் உத்தனப்பள்ளியில் ஏறும் கெம்பம்மாவைப் பார்த்தார்கள். பிறகு அவள் சாய்கிற மாதேஸ்வரியின் தோளைப் பார்த்தார்கள். அதற்குள் ஹரிணியின் விரல் பழைய பதிவுகளுக்குப் போயிருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த ஒரு பஸ்ஸில்தான் மாதேஸ்வரி எல்லோரையும் போல ஒருத்தி. இங்கேயும் அந்தப் "பாவம்" ஏறிவிட்டால் எங்கே போவாள்?

கெம்பம்மா ஹரிணியின் போனை வாங்கி, ஓசூர்வரை தூங்காமல் எல்லாவற்றையும் படித்தாள். பஸ் நின்றதும் திரும்பினாள்.

"ஏம்மே, நானு குறட்டை வுடறனா?"

"அக்கா..."

"கோர்ட்டுக்குப் போற அன்னிக்குச் சொல்லு, லீவு போட்டுட்டு வர்றேன். அந்த நாயி மூஞ்சிய நானும் பாக்கணும். ஆனா குறட்டைய மட்டும் ஒத்துக்க மாட்டேன். திருத்தம் போடு, என் பேரு போட்டு!"

"நானும் வர்றேன்க்கா," என்றாள் ஹரிணி. "குறட்டைக்கும் நானே சாட்சி!"

பஸ் மறுபடி சிரித்தது. ஒருத்தர் வாயிலும் "பாவம்" வரவில்லை. மாதேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் உத்தனப்பள்ளி தாண்டுவதற்குள் கெம்பம்மாவின் குறட்டை தொடங்கிவிட்டது. தோளை அசைக்காமல், ஒற்றை விரலால் மாதேஸ்வரி போனில் தட்டினாள்:

"திருத்தம்: கெம்பம்மா அக்கா குறட்டை விடுவதில்லை. அவரே சொன்னார்."

கீழே இருந்த 'தக்காளிக்காரி'யை அழித்துவிட்டு எழுதினாள்: மாதேஸ்வரி, ராயக்கோட்டை.