முந்தி விழுந்த நிழல்

ஓயினின் நிழல் டெல்டா வெயிலுக்குக் கட்டுப்படவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் பாசிகாட் நகருக்கு மேலே, மலைச்சரிவில் அவள் பிறந்த ஊரில் வெயில் எப்படியோ அப்படித்தான் விழுந்தது. அங்கே பொழுது முந்தி விடியும், முந்தியே அடையும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வயலை மேடாக்கிக் கட்டிய பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்க அவள் வந்த நாள் முதல், உச்சி வேளையில் மற்றவர்களின் நிழல் காலடியில் சுருண்டு கிடக்க, அவளுடையது கிழக்கே சாயத் தொடங்கியிருந்தது. இயற்பியல் துறைக்காரர்கள் குச்சி நட்டு அளந்து, வித்தியாசம் அறுபத்து நான்கு நிமிடம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் வந்தது ஜூலையில். அவள் ஊரில் அது அடைமழைக் காலம், இடையில் பதினேழு நாள் சூரியன் தலைகாட்டவில்லை. அந்தப் பதினேழு நாளும் நீடாமங்கலத்து வெயிலில் அவள் நிழலே இல்லாமல் வகுப்புக்கும் விடுதிக்கும் நடந்தாள். மெஸ்ஸில் அவள் உட்கார்ந்த மேசை காலியானது. தேசிய ஒருமைப்பாட்டு வாரத்தில், அவள் ஊர்ப் பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டத்தை மேடையில் ஒற்றையாளாக ஆடினாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதே உடையோடு சாப்பிடப் போனபோது எதிரில் ஒருவரும் உட்காரவில்லை. சோறு நன்றாக இருக்கிறது, தோழிகள் நிறைய என்று அம்மாவுக்குப் போனில் சொன்னாள்.

குத்தாலத்துப் பண்ணை வீட்டுப் பெண் பிரகதீஸ்வரி, அவளை விடுதியிலிருந்து மாற்றச் சொல்லி வார்டனுக்கு மனு எழுதினாள். நாற்பது பேர் கையெழுத்திட்டார்கள். ஓயினின் அறைத்தோழி சுடர்விழி ஒருத்திதான் பாக்கி. ஓயினுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், அவள் கட்டிலில் இருக்கும்போதே காகிதத்தை நீட்டினார்கள்.

"எங்க பாட்டன் நெழலு பண்ணையார் மேல விழக்கூடாதுன்னு வரப்ப விட்டுச் சேத்துல எறங்கி நின்னவரு," என்றாள் சுடர்விழி. "விழுந்தாலும் குத்தம், விழலைன்னாலும் குத்தமா? நான் போட மாட்டேன்."

ஓயினுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பேனா திரும்பிப் போனதை மட்டும் பார்த்தாள். நிழல் குறித்து விதி ஏதுமில்லை என்று எழுதி வார்டன் மனுவைத் திருப்பினார். அன்று முதல் மெஸ்ஸில் அந்த மேசையில் இரண்டு பேர் தனியாகச் சாப்பிட்டார்கள்.

கார்த்திகையில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. சம்பா முழுகியது, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஓயினின் ஊரிலோ பளிச்சென்று வெயில். விடுதித் தாழ்வாரத்தின் ஈரத்தரையில் அவள் நிழல் மட்டும் கருகருவென்று கிடந்தது. பிரகதீஸ்வரி முதலில் தூணோரம் நின்று பார்த்தாள். அவள் அப்பாவின் எட்டு ஏக்கரும் தண்ணீருக்கடியில் கிடந்தது.

"எங்கயோ வெயில் அடிக்குதுடி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்த நிழலுக்குப் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். மனுவைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொங்கலுக்கு ஊர் போய்த் திரும்ப ரயிலிலேயே எட்டு நாள் ஆகும். சுடர்விழி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தண்ணீருக்குத் தப்பிய இரண்டு மா நிலத்தில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நாலே முக்காலுக்கு ஓயினின் நிழல் மறைந்தது. அவள் வழக்கம்போல மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கினாள். சுடர்விழியின் அப்பா ரெத்தினம் நெற்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டார்:

"ஒங்க ஊர்ல பொழுது அடஞ்சிருச்சாம்மா? அம்மா அடுப்புப் பத்த வச்சிருப்பாங்களே."

சுடர்விழி அதை இங்கிலீஷில் சொன்னாள். ஆறு மாதத்தில் முதல்முறையாக ஓயின் அழுதாள், வயல் நடுவில் நின்று, வாய்விட்டு. யாரும் தேற்றவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு கட்டுத் தூக்கினார்கள்.

படிப்பின் இரண்டு வருடமும் போனது. பட்டம் முடிந்து ஓயின் ஊருக்குப் போய் அங்கே ஆசிரியை ஆனாள். ஆய்வுக்குச் சேர்ந்த சுடர்விழி, பக்கத்துக் கட்டிலை வேறு யாருக்கும் ஒதுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை. கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு எடுத்த வகுப்புப் படம் துறை அலுவலகத்தில் தொங்குகிறது. அதில் இருபத்தேழு பேர், பின்சுவரில் இருபத்தாறு நிழல். சேர வருகிற பிள்ளைகள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

"அருணாசலப் பொண்ணு. அங்க அதுக்குள்ள இருட்டிரும்," என்பார் கிளார்க் துரைராசு, நிமிராமலே. "டி.சி. ஒரிஜினல் எடுத்தாந்திருக்கீங்களா?"