துரை சொன்னது

அன்று காலையும் கழுதைகளைத் துரத்துவதில்தான் பள்ளிக்கூடம் தொடங்கியது. மன்னார்த் தெருக் கழுதைகளுக்கு இரவில் அக்கடமி என்ற அந்தப் பள்ளிக்கூடத்தின் விறாந்தைதான் படுக்கை. விடுதியில் தங்கிப் படிக்கும் பையன்கள் இரண்டிரண்டு பேராக முறை வைத்து, மணி அடிக்கும் முன் அவற்றை ஓட்டிவிட்டுத் தரையைக் கழுவவேண்டும். அந்தக் கிழமை முழுவதும் அபூசாலிக்கும் அருட்பிரகாசத்துக்கும் முறை.

“எழும்புங்கோ இன்ஸ்பெக்டர் ஐயா, நேரமாச்சு,” என்று அருட்பிரகாசம் ஒரு காது மடிந்த கிழட்டுக் கழுதையை விளக்குமாற்றால் தட்டினான். கொழும்பிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த அதிகாரியும் இப்படித்தான், யார் என்ன சொன்னாலும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேற்றைய ஜியோமெட்ரியிலை ஏதோ சந்தேகமாக்கும் மச்சான். கேட்டுட்டுப் போகப் பாத்துக்கொண்டு இருக்குது,” என்றான் அபூசாலி.

“உன்னைவிடப் பறவாயில்லை. உனக்குச் சந்தேகமே வாறதில்லை.”

சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிய அருட்பிரகாசம் அதைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்தான். வெயில் ஏறியிருந்தது. அவனுக்கோ குளிரில் பல் கிட்டியது.

அவன் திருக்கேதீஸ்வரத்துக்கு அப்பால் வயற்கரைக் கிராமமொன்றில் பிறந்தவன். அந்தப் பக்கத்தவர்களுக்குக் குளிர்காய்ச்சல் புதிதில்லை என்று விடுதியில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கொயினா மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, மறுபடி பிடித்தது. பிறகு கண் மஞ்சளித்தது. அபூசாலி பயந்துபோய், நெல் ஏற்றி வந்த தோணிக்காரன் ஒருவனிடம் தாய்க்குச் சொல்லியனுப்பினான்.

வரும் திங்கட்கிழமை சீமைச் சோதனை, இங்கிலாந்திலிருந்து தாள் வரும் பரீட்சை. பத்துப் பேரையாவது அந்தச் சோதனைக்கு இருத்தினால்தான் அக்கடமியைக் கொலிஜ் ஆக்குவது பற்றிப் பேசலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேல்வகுப்பில் இருந்ததே பத்துப் பேர்தான். அருட்பிரகாசம் அதில் முதல் மாணவன்.

தாய் அன்னப்பிள்ளை கரையில் வண்டிலை விட்டுவிட்டுத் தோணியில் கடலைக் கடந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக மொழிபெயர்க்கும் ஆசிரியர் இரத்தினம் சட்டம்பியார் ஊருக்குப் போயிருந்தார். தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்த தமிழ் ‘கெதியா’, ‘சும்மா இரு’ என்பவைதான். அதனால் அபூசாலியைக் கூப்பிட்டார்கள்.

“பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போறன் எண்டு துரையிட்டைச் சொல்லு தம்பி. ஊர்ப் பரியாரியாரிட்டை மருந்துக்குச் சொல்லிவைச்சிட்டுத்தான் வந்தனான்.”

அபூசாலி சொன்னான். துரை கவனமாகக் கேட்டார். கொடுமைக்காரர் அல்ல, நோயாளியின் நெற்றியைத் தொட்டும் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: சோதனை நாலு நாளில் முடிந்துவிடும். இங்கே மருந்து இருக்கிறது. இப்போது போனால் அவனுடைய ஒரு வருடமும் வீண், பள்ளிக்கூடத்தின் முயற்சியும் வீண். அவன் இருக்கட்டும்.

அபூசாலி பாயில் கிடந்தவனின் கண்களைப் பார்த்தான். ஐந்து வருடம் அடி வாங்கிப் படித்த ஆங்கிலம். அது ஒரு மனிதருக்குத் தேவைப்பட்டது அன்றைக்குத்தான்.

“உடனே கூட்டிக்கொண்டு போகட்டாம் அம்மா,” என்றான். “சோதனை அடுத்த வருஷமும் வருமாம்.”

அன்னப்பிள்ளை துரையைப் பார்த்துக் கைகூப்பினாள். அவள் இணங்கிவிட்டாள் என்று நினைத்த துரை, “குட், குட்” என்று தலையாட்டினார். அவள் மகனின் உடுப்புகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

“அம்மா, அவன் பொய் சொல்லுறான்.”

பாயிலிருந்து அருட்பிரகாசம் முழங்கையை ஊன்றி எழும்பினான். “துரை அப்பிடிச் சொல்லேல்லை. என்னை நிக்கட்டாம்.” பிறகு துரையின் பக்கம் திரும்பி, தன் தாயார் தவறாக விளங்கிக்கொண்டார் என்றும், தான் தங்கிச் சோதனை எழுதுவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னான். ஒரு பிழை இல்லை. நண்பனையும் காட்டிக்கொடுக்கவில்லை.

“உனக்கென்ன விசரே?” என்றான் அபூசாலி.

“ஜியோமெட்ரிதான் உனக்கு வராதெண்டு நினைச்சன். இங்கிலீசும் போச்சே மச்சான்.”

அன்னப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆர் சொல்லுறதை நான் நம்புறது?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெற்ற பிள்ளையை நம்பினாள். மூட்டையை அவிழ்த்தாள்.

அவனைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்தில் இருத்தினார்கள். கம்பளியைப் போர்த்துக்கொண்டு எல்லாத் தாள்களையும் எழுதினான். கடைசித் தாளைக் கொடுத்த பின்னேரம் தாய் அவனைத் தோணியில் ஏற்றினாள். அக்கரையில் வண்டில் காத்து நின்றது. தோணி கரை தட்டுமுன் அவன் போய்விட்டான். முன்பே கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பானா என்பதை யாரால் சொல்லமுடியும்? அபூசாலி பிற்காலத்தில் டாக்டர்களிடமும் கேட்டுப் பார்த்தான். அவர்கள் தோளைக் குலுக்கினார்கள்.

விடைத்தாள்கள் கப்பலில் சீமைக்குப் போயின. மாதங்கள் கழித்து முடிவு வந்தது. அபூசாலி சித்தியடையவில்லை. அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் விசேஷ சித்தி. துரை அந்தப் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க, பையன்கள் எழும்பிக் கைதட்டினார்கள். அந்த வருடமே அக்கடமி கொலிஜ் ஆயிற்று, துரை பிரின்ஸிப்பல் ஆனார். திறப்புவிழாப் பேச்சில் அருட்பிரகாசத்தைக் கொலிஜின் முதல் கல் என்றார். அன்னப்பிள்ளையை விழாவுக்கு அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அபூசாலி அவளைத் தேடிப் போனான். அவள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவன் பாசாகிட்டான் அம்மா. இங்கிலீசிலை அவனுக்குத்தான் பெரிய சித்தி. எல்லாருக்கும் முன்னாலை சொல்லிக் கைதட்டினவங்கள்.”

அவள் சுளகை மடியில் வைத்தாள்.

“இது துரை சொன்னதோ, நீ சொல்லுறதோ?”

“துரை சொன்னதுதான்.”

“அண்டைக்கு நீ சொன்னதை அவர் ஏன் சொல்லேல்லை?”

அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். உமி அவன் காலடிவரை பறந்து வந்தது.

அடுத்த கிழமை விறாந்தை கழுவும் முறை அபூசாலிக்கு வந்தது. அருட்பிரகாசத்தின் இடத்தில் அவனோடு போட்டிருந்த பையன் இன்னும் எழும்பவில்லை. வாசலில் கொலிஜ் என்று புதுப் பலகை. அதற்குக் கீழே, காது மடிந்த கழுதை வழக்கமான இடத்தில் படுத்திருந்தது.