கையெழுத்துக்குக் கீழே

ஸ்டேஷன் ரைட்டர் யசோதராவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். வியாசர்பாடியிலிருந்து வெளுத்துப்போன புடவையில் வந்திருப்பவள் பெருவிரலைத்தான் நீட்டுவாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். யசோதரா டப்பாவைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"பேனா குடு சார்."

மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் அவள் தம்பி பாரியை அன்று, வியாழக்கிழமை காலை, வீட்டு வாசலிலேயே பிடித்து வந்திருந்தார்கள். ஏதோ கம்பெனியில் செம்புக் கம்பி திருட்டாம். யாரைக் கைது செய்தாலும் வீட்டார் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்துவிட்டதால் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தாளில் தேதி, நேரம், இடம் எல்லாமே காலி. அதையெல்லாம் தாங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னார் ரைட்டர். பேனா கைக்கு வந்ததும் அவள் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. பெயரின் நான்கு எழுத்தையும் அவசரப்படாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சோறு கொண்டுபோனபோது ஒரு ஏட்டு அவளிடம் தனியாகக் கரிசனம் காட்டினார். தம்பியைக் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல், வக்கீல் வேண்டாம் என்று ஜட்ஜிடம் சொல்லச் சொல், சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்றார். அவள் போய்ச் சொல்லவும் செய்தாள். பாரியின் கன்னம் வீங்கியிருந்தது.

"செய்யாதத செஞ்சேன்னு சொல்லிகினு நான் வெளிய வரமாட்டேன்கா" என்றான்.

வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வீட்டுக்கு நடந்தாள். அழுகைக்கு நடுவே அவனை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

சனிக்கிழமை திருவொற்றியூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் பாரியிடம், வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டார். பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"வைக்க வசதியில்லங்கய்யா" என்றான் பாரி. "ஆனா வக்கீல் வேணும்."

இலவச வக்கீலாக நியமிக்கப்பட்ட தேவப்பிரியம் ஒல்லியான பெண். கறுப்பு அங்கி முழங்கையில் நைந்திருந்தது. இலவசம் என்றால் ரேஷன் அரிசிதான் யசோதராவின் நினைவுக்கு வரும், அதில் பாதி கல். ஆனால் அந்தப் பெண் கேஸ் கட்டில் இருந்த ஒவ்வொரு தாளையும் பின்பக்கம்வரை புரட்டிப் படித்தாள். பிறகு யசோதராவிடம் வந்து ஒரு தாளைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு லாரி ஸ்டாண்டில், கம்பியும் கையுமாகப் பாரியைப் பிடித்ததாக மேலே எழுதியிருந்தது. அடியில் யசோதராவின் கையெழுத்து. அதற்கும் கீழே, பொடியாக, 8.7.99 காலை 8.20.

"இத எழுதினது யாரும்மா?"

தப்பு செய்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

"நான்தாம்மா. பேசின் பிரிட்ஜ் யார்டுல ரயில் பொட்டி கய்வறேன். கையெய்த்துக்குக் கீய டைம் போடலன்னா வேலைக்கு வந்ததே இல்லன்னுடுவாங்க. பதினோரு வருசப் பயக்கம்."

தேவப்பிரியம் சிரிக்கவில்லை. நேராக மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்று, வியாழன் காலையில் ஸ்டேஷனுக்குள் இருந்தவர் வெள்ளி மாலையில் லாரி ஸ்டாண்டில் எப்படிக் கிடைத்தார் என்றும், இருபத்திநாலு மணி நேரத்துக்குள் ஏன் கோர்ட்டுக்குக் கொண்டுவரவில்லை என்றும் கேட்டாள். குரல் சின்னதுதான், ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்டது. இன்ஸ்பெக்டர் அசரவில்லை. படிப்பில்லாத பொம்பளை, தேதி தெரியாமல் ஏதோ கிறுக்கியிருக்கிறது என்றார்.

யசோதராவுக்குச் சுருக்கென்றது. கழுவின பெட்டியில் அழுக்கு என்று யாராவது சொன்னால் வருகிற அதே கோபம் வந்தது.

மாஜிஸ்திரேட் அவளை முன்னால் அழைத்தார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

நான்கு எழுத்தையும் எழுதினாள். எழுதி முடித்ததும் தலை தானாக உயர்ந்து சுவரில் கடிகாரத்தைத் தேடியது. கதவுக்கு மேலே இருந்தது. பெயருக்குக் கீழே பொடியாக 10.7.99 காலை 11.40 என்று எழுதி, பேனாவை மூடி மேசையில் வைத்தாள். கூண்டில் நின்ற பாரி, வீங்கின கன்னத்தோடு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். மாஜிஸ்திரேட் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.