பொட்டு வைத்த விசை

மகேஸ்வரன் துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதிப் பத்திர வகுப்புக்குத் தன் மனைவி சந்திரவதனாவையும் சேர்த்துப் பதிந்ததற்கு ஒரே காரணம், சோடியாக வந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்ததுதான். கழிவு என்று கண்டால் அவர் விடமாட்டார். தேவையா இல்லையா என்பதெல்லாம் பிறகு யோசிக்கிற விஷயம்.

"நீர் சும்மா வந்து பக்கத்திலை இரும். நான் பாஸ் பண்ணினால் காணும்தானே" என்றார்.

நடந்தது மறுவளம். செய்முறைச் சோதனையில் துவக்கின் வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம் பார்க்க வேண்டும். மகேஸ்வரன் அதைச் சரியாகத்தான் பிடித்திருந்தார். ஆனால் நடுவில் பரிசோதகருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்காகத் திரும்பினார். துவக்கும் கூடவே திரும்பிப் பரிசோதகரின் வயிற்றைப் பார்த்தது. அத்தோடு அவருடைய சோதனை முடிந்தது. அடுத்த முறை எழுத்துச் சோதனையில், கேள்வியே பிழை என்று வாதாடிவிட்டு வந்தார். சந்திரவதனா யாருக்கும் எந்த விளக்கமும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சொன்னதைச் செய்தாள், அனுமதி அட்டை தபாலில் வந்து சேர்ந்தது.

ஆகவே கனடாவில், மல்வேர்னில் அவர்கள் வீட்டு பேஸ்மென்ற்றில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்த சின்னக் குறிபார்க்கும் துவக்கு சட்டப்படி அவளுடைய பொறுப்பு. அவள் பக்கத்தில் இருந்தால் மட்டுமே மகேஸ்வரன் அதைத் தொடலாம். அவர் இதைச் சபைகளில் சொல்லும்போது, "பேப்பர் அலுவல்களை அவவின்ரை பேரிலை போட்டு வைச்சிருக்கிறன்" என்று சொல்லுவார்.

ஒவ்வொரு ஞாயிறு காலையும் இருவரும் பிக்கரிங்கைத் தாண்டி வடக்கே இருந்த சுடுகழகத்துக்குக் காரில் போவார்கள். போகும் வழியெல்லாம் மகேஸ்வரன் யூரியூப்பில் பார்த்ததை விளக்கிக்கொண்டு வருவார். அங்கே போய்ப் பாயில் குப்புறப் படுத்து, காதுக்கு மூடியை மாட்டியதும் எல்லாம் நின்றுவிடும். அந்த மூடிக்குள் சந்திரவதனாவுக்குக் கேட்பது அவளுடைய மூச்சு மட்டும்தான். கிழமை முழுதும் விருந்து மண்டபச் சமையலறையில் தட்டுமுட்டுச் சத்தத்துக்குள் நின்று, வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சி, தொலைபேசி, மகேஸ்வரன் என்று மூன்று சத்தங்களுக்குள் இருப்பவள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, விரலை மெல்ல அமத்துவாள். அந்தத் துவக்கின் விசை தண்ணீர்க் குழாய்த் திருகி போல இறுக்கமானது. அவளுக்கு அதில் குறையில்லை. எவ்வளவு நேரம் அமத்த வேண்டியிருக்கிறதோ அவ்வளவு நேரம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அவளுடைய குண்டுகள் இலக்குக் கடதாசியில் ஒரு வடையின் அளவுக்குள் விழுந்தன. மகேஸ்வரனுடையவை கல்யாணப் பந்தல் அளவுக்குப் பரந்து விழுந்தன. சில கடதாசியிலேயே இல்லை.

"மகேஸ், உன்ரை வெடி எல்லாம் எங்கையடா போகுது? பக்கத்து ஆளின்ரை கணக்கிலையோ?" என்று கேட்பார் மரியரட்ணம். மகேஸ்வரனோடு மிசிசாகாவில் விமான நிலையப் பொதிப் பகுதியில் வேலை செய்யும் மன்னார்க்காரர். அதே கழகத்தில் விலையுயர்ந்த துவக்கு வைத்திருப்பவர். "எனக்குத் தாவன் உன்ரை துவக்கை. என்ரை மகன் பழகட்டும். நீ கரம்போட் விளையாடு."

"துவக்கிலைதான் பிழை. ட்ரிகர் சரியில்லை" என்றார் மகேஸ்வரன்.

"உன்ரை மனுசி அதே ட்ரிகராலைதானே சுடுறா?"

"அவ வேறை ஸ்டைல்."

அன்று வீட்டுக்கு வரும் வழியில் மகேஸ்வரன் பேசாமல் வந்தார். அது நல்ல அறிகுறியல்ல. வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மலிவிலை ஒரு நல்ல ட்ரிகர் மாத்திப் பாப்பம். அதுக்கும் சரிவராட்டில் மரியரட்ணத்துக்குக் குடுத்திடுவம். ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்காவது போகலாம்."

சந்திரவதனா கோயிலை நினைத்துப் பார்த்தாள். கோயில் என்றால் முழங்கைகள், குசுகுசுப்புகள், அன்னதான வரிசை, 'மகளுக்கு இன்னும் ஒண்டும் பாக்கேல்லையோ' என்ற கேள்வி. அந்தப் பாயையும் காதுமூடியையும் விட்டுவிட்டு அங்கே போய் நிற்பதை அவளால் நினைக்க முடியவில்லை. ஆனால் அவள் சொன்னது, "ஓம், மாத்துவம்."

மலிவு விசையைக் கண்டுபிடிக்க மகேஸ்வரன் பட்ட பாட்டில் ஒரு கலாநிதிப் பட்டமே வாங்கியிருக்கலாம். கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கடை பெஸ்ட் பிரைஸ் என்ன?" என்று கேட்டார். ஒரு கடைக்காரன் விலை இணையத்தில் போட்டிருக்கிறது என்றான். "அது தெரியும். பெஸ்ட் பிரைஸ் என்ன?" என்று திரும்பவும் கேட்டார். கடைசியில் தொழிற்சாலை விசையைக் கழற்றிவிட்டு அப்படியே பூட்டக்கூடிய, மிக மென்மையான ஒன்று கிடைத்தது. பெரிய கம்பனிகளின் விசைகளில் பாதிக்கும் குறைந்த விலை.

அது வந்து சேர்ந்தது சரஸ்வதி பூசை நாளில். மகேஸ்வரனுக்கு இது தற்செயலாகப் படவில்லை. பூசைக்கு எல்லாருடைய தொழில் சாமானும் வைப்பது வழக்கம்தானே. மகள் அட்சயாவின் லப்ரொப், சந்திரவதனாவின் தையல் மெசின் கத்திரிக்கோல், காரின் திறப்புக் கொத்து எல்லாம் வாழையிலையில் இருந்தன. துவக்கைப் பெட்டிக்கு வெளியே வைக்கச் சட்டம் விடாது. விசையை வைக்கலாம். அவர் அதைத் தட்டின் நடுவில் வைத்து, சந்தனத்தை விரலால் அள்ளி அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். பொட்டு என்று சொல்ல முடியாது, பூச்சு.

"அப்பா, திஸ் இஸ் ஸோ வியர்ட். உதுக்குள்ளை ஸ்பிரிங் எல்லாம் இருக்கு" என்றாள் அட்சயா.

"காருக்கு வைக்கேல்லையே? கார் ஓடேல்லையே?"

"காருக்கு வெளியிலைதானே அப்பா வைச்சனீங்கள். எஞ்சினுக்குள்ளை இல்லை."

மகேஸ்வரன் கற்பூரத்தைக் கொளுத்தி, அதையும் படம் பிடித்து உறவினர் வாட்சப் குழுவில் போட்டார். உடனே லண்டனிலிருந்து அவருடைய அக்கா குரல் செய்தி அனுப்பினார்: "துவக்குக்குப் பயந்து கனடாவுக்கு ஓடினனீ. இப்ப அதுக்குப் பூசை வைக்கிறாய். நல்லா இரு."

சனிக்கிழமை மகேஸ்வரன் பின்னேர வேலைக்குப் போகுமுன் விசையை மனைவியின் கையில் தந்தார். "பூட்டி வையும். சட்டப்படி உம்மடை துவக்கு. நான் கை வைக்கக் கூடாது." கண்ணாடி போடாமல் அந்தச் சின்ன ஆணிகள் அவருக்குத் தெரியாது என்பதை இரண்டு பேரும் பேசவில்லை.

சந்திரவதனா வெற்றுத் துவக்கை மேசையில் வைத்து, காணொளியைப் பார்த்துப் பார்த்து விசையைப் பூட்டினாள். அமத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. துவக்கை மெல்லத் தட்டினாள். 'டிக்' என்று தன்பாட்டில் விடுபட்டது. கழற்றிப் பார்த்தால், காய்ந்த சந்தனம் உள்ளே சீமெந்து போல இறுகியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து சிவப்புச் சேறாகி இன்னும் உள்ளே போனது. கடைக்குத் திருப்பி அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதைப் பார்சலுக்குள் கண்டவன் இரத்தம் என்றல்லவா நினைப்பான்.

மகேஸ்வரனிடம் சொல்லலாம். சொன்னால், சாமிக்கு வைத்த பொட்டுத்தான் பழுதாக்கியது என்று சொல்ல வேண்டும். அதுவும் மூன்று நாடுகளில் உள்ள உறவினர் கை கூப்பிய படம் போட்ட பிறகு. அவர் வாதாடுவார். வாதாடித் தோற்றால் துவக்கை விற்பார். வென்றால் அந்தச் சிவந்த விசையோடு சுடப் போவார். இரண்டும் நடக்கக் கூடாது. அவள் பழைய விசையை எடுத்துப் பூட்டினாள். நாலைந்து தரம் அமத்திப் பார்த்தாள். பழைய இறுக்கம். பெட்டியைப் பூட்டினாள். நாளைக்கு இவர் வழமை போலப் பந்தல் போடுவார், துவக்கு மரியரட்ணத்திடம் போகும், ஆனால் ஒருவருக்கும் காயம் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கப் போனாள்.

ஞாயிறு காலை கழகத்தில் மகேஸ்வரன் பாயில் படுக்குமுன் மரியரட்ணத்துக்கு எச்சரிக்கை செய்தார். "தள்ளி நில். இது தொட்டாலே வெடிக்கும். மூச்சு விட்டாலும் வெடிக்கும்."

பிறகு படுத்தார். இதுநாள் வரை விசையைத் தேங்காய் துருவுகிறவர் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தவர், இன்றைக்கு அது தொட்டவுடன் வெடித்துவிடும் என்ற பயத்தில் விரலை மயிலிறகு போல வைத்தார். பேசவில்லை. மூச்சுக்கூட அளந்து விட்டார். வெடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமத்தினார். இன்னும் கொஞ்சம். எப்போது வெடிக்கும் என்று அவருக்கே தெரியாத ஒரு கணத்தில் வெடித்தது.

தொலைநோக்கியில் பார்த்த மரியரட்ணம், "அட" என்றார்.

அடுத்ததும் அதற்குப் பக்கத்தில். அதற்கடுத்ததும். கடதாசியைக் கொண்டுவந்து பார்த்தபோது எல்லாம் ஒரு உழுந்து வடைக்குள் அடங்கின.

"பாத்தியோ? பாத்தியோ? நான் சொன்னன்தானே!" மகேஸ்வரன் கடதாசியைத் தலைக்கு மேலே தூக்கினார். "ட்ரிகர் மச்சான், ட்ரிகர்!"

மரியரட்ணம் தானும் ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அவரும் பயந்து பயந்து விரலை வைத்தார். அவருக்கும் நன்றாக விழுந்தது. எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு, "பட்டர் மாதிரி இருக்கடா. என்ரை விலை கூடின சாமானை விட மெத்தெண்டு இருக்கு" என்றார்.

சந்திரவதனா வாயைத் திறந்தாள். உண்மையாகவே சொல்லப் போனாள். மகேஸ்வரன் அவளைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணப் படங்களில் கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். துவக்கு விற்கப்படப் போவதில்லை. அது போதும்.

போதும் என்று நினைத்தது அந்த ஞாயிறுக்கு மட்டும்தான் சரி.

அடுத்த ஞாயிறு மரியரட்ணம் தன் மகனையும் இரண்டு மச்சான்மாரையும் கூட்டிவந்தார். அதற்கடுத்த ஞாயிறு இரண்டு வான் வந்தது. மடக்குக் கதிரை, பிளாஸ்கில் தேத்தண்ணி, மட்டன் ரோல்ஸ் எல்லாம் வந்தன. எல்லாருக்கும் மகேஸ்வரனின் துவக்கில் சுட்டுப் பார்க்க வேண்டும். துவக்கு யாருடைய பொறுப்போ அவர் சுடுபவரின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. சந்திரவதனா ஒவ்வொருவர் பக்கத்திலும் முழங்காலில் குந்தியிருந்தாள். ஒருவர் எழும்ப அடுத்தவர் படுத்தார். அவளுடைய முறை வருமுன் கழகம் மூடும் நேரம் வந்தது.

மரியரட்ணம் இதற்கிடையில் மகனுக்கு அதே துவக்கு வாங்கி, அதே விசையும் பூட்டியிருந்தார். அது உண்மையாகவே தொட்டால் வெடிக்கிற விசை. மகனின் குண்டுகள் திசைக்கு ஒன்றாகப் போயின.

"மகேஸ், ஏனடா எனக்கு வந்தது உன்ரை மாதிரி இல்லை?"

மகேஸ்வரன் ரோல்ஸை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். "பொட்டு வைச்சனியோ?"

"நான் வேதக்காரனடா!"

"அப்ப மாதாவிட்டை வைச்சு எடு. சும்மா கொண்டுவந்து பூட்டினால் எப்பிடி வேலை செய்யும்?"

மரியரட்ணம் சிரிக்கவில்லை. யோசித்தார். அடுத்த கிழமை சுவாமியாரிடம் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்து, மாதாவின் காலடியில் மெழுகுதிரிக்குக் கீழே வைத்து எடுத்ததாகச் சொன்னார். மெழுகு உள்ளே ஒழுகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த விசை அசைய மறுத்தது. "இப்ப பாதுகாப்பா இருக்கு" என்றார்.

கழகத்தின் பொறுப்பாளர் அன்ட்ரூ, நரைத்த மீசைக்காரர், ஒரு ஞாயிறு சந்திரவதனாவிடம் வந்து மிக மரியாதையாக, உங்கள் ஆட்களைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்ல முடியுமா என்று கேட்டார். உங்கள் ஆட்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். காதுமூடியை மாட்டியபடியே ஒருவரோடொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். மூடி போட்டிருப்பதால் இன்னும் பலமாகக் கத்தினார்கள். ஒருவர் சட்னி கேட்டார்.

கோயிலுக்குத் தப்பி வந்தவளை, கோயில் வானில் ஏறித் தேடி வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் எல்லாரும் போய்விடுவார்கள். துவக்கும் போய்விடும். மகேஸ்வரனின் அந்தச் சிரிப்பும் போய்விடும். அது அவளுக்குப் பெரிதாகப் படாது என்றுதான் நினைத்திருந்தாள், ஆனால் பட்டது. சொல்லாவிட்டால் இனி எல்லா ஞாயிறும் இப்படித்தான். அவள் முழங்காலிலேயே இருந்துகொண்டு, யாரோ ஒரு மச்சான் விரலை மயிலிறகு போல வைப்பதைப் பார்த்தாள்.

எல்லாரும் சாமான்களை வானில் ஏற்றும்போது அவள் அன்ட்ரூவிடம் போனாள். ஆங்கில வசனத்தை முழங்காலில் இருந்தபோதே மனதுக்குள் கட்டி வைத்திருந்தாள். சொல்லும்போது குரல் எதிர்பார்த்ததை விடப் பலமாக வந்தது.

"வெட்னஸ்டே. ஓப்பின்?"

"திறந்திருக்கும். ஆனால் ஒருவரும் வரமாட்டார்கள். மிகவும் அலுப்பாக இருக்கும்" என்றார் அன்ட்ரூ மன்னிப்புக் கேட்பவர் போல.

புதன்கிழமை மண்டபத்தில் அவளுக்கு லீவு. மகேஸ்வரனுக்கு வேலை. "குட்" என்றாள் சந்திரவதனா.

காரில் ஏறியதும் மகேஸ்வரன் விசையைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அவள் சீற் பெல்ற்றை மாட்டிக்கொண்டு, "ஓம்" என்றாள்.