கேட்டது கேட்டபடி

தாராவியில் ஒரு வீட்டில் பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று யாராவது சொன்னால், அவர் தாராவியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பூதத்தானின் வீட்டில் கீழுக்கும் மேலுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகை. கீழே அவர் இருமினால் மேலே தம்பி மாரிக்கண்ணன் புரண்டு படுப்பார். ஆனாலும் அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. பலகை வழியாகவோ சுவர் வழியாகவோ காதில் விழுந்த பேச்சு, பேச்சே இல்லை. அதற்குக் கோபப்படக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. ஒருவர் வந்து எதிரில் நின்று சொன்னால்தான் அது சொன்னதாகும். இந்த ஒரு நாகரிகம் இல்லாவிட்டால் அத்தனை ஜனம் அந்த நெரிசலில் ஒரு வாரம்கூடக் குடியிருக்க முடியாது.

அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டது குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டித் தருவதற்கான சர்வே வந்தபோது. கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். கீழே இருப்பவர்களுக்கு இங்கேயே வீடு, மேலே இருப்பவர்களை எங்கேயாவது தள்ளிவிடுவார்கள் என்று சந்து முழுக்க ஒரே பேச்சு. கீழ்வீட்டுப் படிவத்தில் தன் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார் மாரிக்கண்ணன். பார்ப்போம் என்றார் பூதத்தான். கூடப் பிறந்தவன் கேட்டதற்கு இப்படி ஒரு பதிலா என்று தம்பிக்கு ஆத்திரம். கேட்கிற அளவுக்கு அவனுக்கு என்மேல் நம்பிக்கை இல்லாமல் போயிற்றா என்று அண்ணனுக்கு ஆத்திரம். அதோடு நின்றது பேச்சு.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? தண்ணீர்க் குழாய் ஒன்றுதான், அது கீழே. மேலே துணி துவைத்தால் சொட்டுவது பூதத்தான் தைத்து அடுக்கிவைத்த பைகளின்மேல். சேதி போய்த்தான் ஆகவேண்டும். அதற்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். கீழே பூதத்தானின் மகள் கோகிலவாணி, மேலே மாரிக்கண்ணனின் மகள் மாரீஸ்வரி. இருவரும் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது, ஒரே பெஞ்சு. வெளிச்சுவரில் சாத்தியிருந்த இரும்பு ஏணியில் நாள் முழுக்க ஏறி இறங்குவது இவர்கள் பாடாயிற்று.

பூதத்தான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தக் கழுதப்பயலுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சான்னு கேளு, எம் பொழப்புல தண்ணி ஊத்துதான்" என்பார். கோகிலா ஏறிப்போய், "சித்தி, லேசாத் தண்ணி சொட்டுது, அப்பா பை அடுக்கி வச்சிருக்காங்க" என்பாள். மேலேயிருந்து சித்தி கொடுத்தனுப்பும் பதிலும் லேசுப்பட்டதாக இருக்காது. ஆனால் மாரீஸ்வரி இறங்கி வந்து நிற்கும்போது அது, "வாளிக்கு அடியில துணி போடுதோம் பெரியப்பா" என்று ஆகியிருக்கும். இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏணி ஏறுகிற நேரத்துக்குள் வார்த்தையைக் கழுவித் துடைத்துவிடுவார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், அசல் என்ன, போய்ச் சேர்ந்தது என்ன என்று காதோடு காதாகச் சொல்லி, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கோகிலாவுக்கு வீடு யாருக்கு என்பதெல்லாம் கவலையே இல்லை. அவளுடைய ஒரே பயம் டோம்பிவிலி. ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் அந்த ஊரில் சித்தியின் அக்கா இருந்தாள். கோபம் வரும்போதெல்லாம் சித்தி, அங்கே போய்விடுவோம் என்று சொல்வது பலகை வழியாகக் கேட்கும். மாரீஸ்வரி இல்லாத பெஞ்சை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் உணர்வு வகுப்பு வந்தது. கணக்கும் அறிவியலும் மட்டும் போதாது, பிள்ளைகளுக்குத் தங்கள் மனசும் அடுத்தவர் மனசும் தெரியவேண்டும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். நல்ல முடிவுதான். வகுப்பை எடுத்தவர் பாகீரதி டீச்சர், பக்கத்து மாட்டுங்காவிலிருந்து வருகிறவர், பிள்ளைகள்மேல் உயிர். இதற்கென்று பயிற்சிக்குப் போய், சிரித்த மூஞ்சி, அழுத மூஞ்சி, கடுகடுத்த மூஞ்சி என்று ஒரு பை நிறைய அட்டைகளோடு வந்தார். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

ஒருநாள், கேட்கிற பழக்கம் பற்றிய பாடம். இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருத்தி தன் கோபத்தைச் சொல்லவேண்டும், மற்றவள் கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லவேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, இனிப்புத் தடவக் கூடாது. மாரீஸ்வரி, "நீ என் கம்பாஸ் பாக்ஸ ஒடச்சுப்போட்ட, உன்னக் கண்டாலே எரிச்சலா இருக்கு" என்றாள். அது பொய்க் கோபம், பாடத்துக்காகச் சொன்னது. கோகிலா கொஞ்சமும் யோசிக்காமல், "கம்பாஸ் பாக்ஸ் ஒடஞ்சதுல உனக்கு வருத்தம்" என்று திருப்பிச் சொன்னாள்.

பாகீரதி டீச்சர் அருகில் வந்து உட்கார்ந்தார். அவள் சொன்னது அதுவா என்று கேட்டார். கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளோட கோபத்தை நீ ஏம்மா மாத்தற? அது அவளோடது, நீ அதைச் சுமக்க வேண்டாம். கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முழுசாப் போய்ச் சேர்ந்தாத்தான் தீரும். பாதி பாதியாப் போனா உள்ளேயே கிடந்து புழுங்கும்" என்றார்.

அதுவரை யாரும் அவளிடம், நீ சுமக்க வேண்டாம் என்று சொன்னதில்லை. கோகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி பாதியாகக் கொண்டுபோனதால்தான் இந்தச் சண்டை இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு கிடக்கிறதோ, தன்னால்தானோ என்று வீடு வருகிற வழியெல்லாம் நினைத்தாள். அதன்பிறகு அந்தப் பாடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பச்சைக் காகிதத்தில் காது வரைந்த பேட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டார் டீச்சர். வகுப்பிலேயே நன்றாகக் கேட்கிற பிள்ளை அவள்தான் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. மேலே வெயில் காணாத துணியெல்லாம் ஊறிக் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் சித்தி துவைத்துக் கவிழ்த்த வாளித் தண்ணீர், அப்படியே பலகை இடுக்கில் இறங்கி, மறுநாள் கொடுக்கவேண்டிய பைகளை நனைத்தது. அட்டை வைத்துத் தைத்த பைகள். ஊறினால் முடிந்தது. பூதத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், கீழே போட்டார். பிறகு மேலே பார்த்துக் கத்தினார்.

"போய்ச் சொல்லுட்டி அவட்ட. பெத்த பிள்ளையவே காப்பாத்தத் துப்பில்லாதவ, வீட்டக் காப்பாத்தப் போறாளாக்கும்னு சொல்லு."

சித்திக்கு மாரீஸ்வரிக்குப் பின் ஓர் ஆண்பிள்ளை பிறந்து, காய்ச்சலில் போய்விட்டது. அந்தப் பிள்ளையைத் துண்டில் சுற்றி, யாரையும் தொடவிடாமல், சுடுகாடு வரைக்கும் தன் கையிலேயே கொண்டுபோனவர் இதே பூதத்தான்தான். அவருடைய மனைவி முப்பிடாதிக்கு வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

கோகிலா ஏணியில் ஏறினாள். பழக்கதோஷத்தில் வார்த்தையைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். சித்தி, தண்ணி கொஞ்சம் கூட வந்துட்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் சட்டையிலிருந்த பேட்ஜ் விரலில் பட்டது. முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தான் தீரும். இன்றைக்குத் தீர்ந்துவிடட்டும், நாளையிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வார்கள், டோம்பிவிலி என்ற பேச்சே எழாது. பாவி மகள், அதை நம்பித்தான் மிச்சப் படிகளையும் ஏறினாள்.

மேலே சித்தி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி மூலையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கீழே கத்தியது இருவர் காதிலும் விழுந்திருந்தது. விழாமல் எப்படி இருக்கும்? சித்தியின் கண் சிவந்திருந்தது. ஆனாலும் வழக்கத்தை விடாமல், அவளே பிள்ளைக்கு எடுத்தும் கொடுத்தாள்.

"என்னட்டி, தண்ணி சொட்டுதாக்கும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். மாரீஸ்வரி பின்னாலிருந்து ஆட்டு, ஆட்டு என்று கண்ணால் கெஞ்சினாள். கோகிலா அதைப் பார்த்தாள். பார்த்தும், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, சித்தியின் கண்ணைப் பார்த்து, கூட்டாமல், குறைக்காமல், இனிப்புத் தடவாமல் சொன்னாள்.

சித்தி கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள். மாரீஸ்வரியிடம், அலமாரியிலிருந்து உன் துணியை எடு என்றாள்.

கீழே வந்த கோகிலாவைப் பூதத்தான் பார்த்தார். மேலே பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவர்போல் அவர் முகம் கோணிக்கொண்டு போனது.

"நான் சொன்னதயாட்டி அப்படியே போய்ச் சொன்ன?"

அவருக்கு எல்லாம் தெரியும். பிள்ளை மாற்றித்தான் சொல்கிறாள் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவர் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். மேலே இருந்தவர்களுக்கும் அது தெரியும், அவர்களும் அந்தத் தைரியத்தில்தான் பேசினார்கள். இத்தனை பெரிய மனிதர்களின் கோபமும் இரண்டு பிள்ளைகளை நம்பி நடந்துகொண்டிருந்தது. இது அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது.

வடாலா குடோனில் வேலை முடிந்து வந்த மாரிக்கண்ணன் மனைவியைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் வந்தார்கள். பூதத்தான் அவர்கள் முன்னால் ஏணியடியில் நின்று, வாய் தவறிவிட்டது, கால் வேண்டுமானாலும் பிடிக்கிறேன் என்றார். சித்தி மேலேயிருந்து இறங்காமலே பதில் சொன்னாள்.

"ஆத்திரத்துல அவங்க வாயால சொல்லியிருந்தா நான் வாங்கிட்டுப் போயிருப்பேன். என் பிள்ளைகூட வளந்த பிள்ளை வாயில வச்சுக் குடுத்தனுப்பிட்டாங்களே."

மழை விடுவதற்குள் மேல்வீட்டுக்காரர்கள் டோம்பிவிலி போய்விட்டார்கள். போகிற அன்று மாரீஸ்வரி ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினாள், திரும்பாமலே நடந்தாள். அங்கே கிட்டத்தில் தமிழ்ப் பள்ளி கிடையாது. இந்திப் பள்ளியில் அவளை ஒரு வகுப்பு இறக்கிச் சேர்த்திருப்பதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

பாகீரதி டீச்சர் காலி இடத்தைப் பார்த்துவிட்டுக் கோகிலாவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். கோகிலா நடந்ததைச் சொன்னாள். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. நீ உண்மையைத்தானே சொன்னாய், உன்மேல் தப்பில்லை என்று தோளைத் தட்டினார். அதைச் சொல்லும்போது அவர் கோகிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அட்டைகளை விரித்து, இப்போது உனக்கு எப்படி இருக்கிறது, ஒன்றை எடு என்றார். கோகிலா டீச்சரின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள். சிரித்த மூஞ்சியை எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு சந்துக்கு வந்து, சித்தியின் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது மாரீஸ்வரி. கோகிலா அவள் பெயரைச் சொன்னாள். மாரீஸ்வரி தணிந்த குரலில் பேசினாள்.

"எங்கம்மா இன்னும் ராத்திரில எந்திச்சு உக்காந்து அழுதுட்டு இருக்கா. இனிமே போன் பண்ணாத. எத்தன தடவ மாத்திச் சொன்ன, அன்னிக்கு ஒரு தடவ மாத்திச் சொல்ல உனக்கு வாயில்லயா?"

போன் அணைந்தது. கோகிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேலே பலகை சத்தமில்லாமல் கிடந்தது. பூதத்தான் மெஷினை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"யாரு, மாரீஸ்வரியா? என்ன சொன்னா?"

"நல்லாருக்காங்களாம்பா. சித்தி உங்களக் கேட்டதாச் சொன்னா."

பூதத்தான் கையிலிருந்த பையின் ஓரத்தை விரலால் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார்.

"வேற என்ன சொன்னா?" என்றார்.

கோகிலா இன்னொன்றும் சொன்னாள்.