போலீஸ்காரர் சொன்ன நன்றி

சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்தால், பார்க்காதது போல நடையைக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். டெல்ஃபீன் கெய்ன்ஸுக்கு அது நன்றாகவே தெரியும். ஆரஞ்சு நிற டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, துப்பாக்கியைத் தூக்கத் துடிக்கும் பையன்களை உட்கார வைத்துப் பேசி, சண்டையை ஆறப்போடுவது அவள் வேலை. இளமையில் அவளும் அதே கும்பல்களோடு திரிந்து சிறைக்குப் போய் வந்தவள். அதனால்தான் பையன்கள் அவளிடம் வாயைத் திறந்தார்கள். சொன்னது எதுவும் போலீஸ் காதுக்குப் போகாது என்ற அந்த நம்பிக்கை போய்விட்டால் அவள் வேலையும் போயிற்று.

முன்பெல்லாம் இதில் சிக்கலே இல்லை. அடையாளம் இல்லாத காரிலிருந்து நாலு போலீஸ்காரர்கள் குதிப்பார்கள், கண்ணில் பட்டவனையெல்லாம் சுவரில் சாய்த்துக் கையைத் தூக்கச் சொல்வார்கள். அவர்களை வெறுக்க யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் வந்த புதுக் கமாண்டர் அதை மாற்றிவிட்டார். இப்போது போலீஸ்காரர்கள் நடந்தே வந்தார்கள், குழந்தைகளிடம் பெயர் கேட்டார்கள், கூடைப்பந்தை வாங்கி எறிந்து வளையத்தைத் தவறவிட்டார்கள். அவர்களில் ஆபீசர் குபியாக் மகா மோசம். வெயிலில் சிவந்த முகமும் வாய் நிறையச் சிரிப்புமாகத் திரியும் இளைஞன். தங்கமான பையன். அந்தத் தங்கக் குணம்தான் டெல்ஃபீனின் பிழைப்புக்கு உலை வைக்கும்.

சனிக்கிழமை காலை, லூஷியஸின் சலூன் வாசலில் பாதித் தெருவும் நின்று அரட்டையடித்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து குபியாக் கையை உயர்த்தினான்.

“மிஸ் டெல்ஃபீன்! நேத்து சொன்னீங்களே, ரொம்ப தேங்க்ஸ்! நீங்க சொன்ன இடத்துலயே இருந்துச்சு!”

நல்ல கோழி இறக்கை எங்கே கிடைக்கும் என்று அவன் கேட்டிருந்தான். அவள் வாயைக்கூடத் திறக்கவில்லை, போகிற போக்கில் தாடையால் திசையைக் காட்டினாள், அவ்வளவுதான். ஆனால் நேற்று சாயங்காலம்தான் அந்தத் தெருக் கும்பல் பையன் ஜார்க்வெஸின் கூட்டாளி வீட்டுக்குள் போலீஸ் புகுந்து ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. வாசலில் நின்றவர்கள் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அரட்டை அப்படியே நின்றது.

“என்னத்த சொன்ன, டெல்ஃபீன்?” என்றான் லூஷியஸ், கத்தரிக்கோலைப் பிடித்தபடியே.

“கோழிய்யா! கோழிக்கடை!”

“ஓஹோ. கோழி,” என்றான் அவன். ஒருத்தரும் நம்பவில்லை.

அன்று மாலை அதே சலூனின் பின்னறையில்தான் ஜார்க்வெஸும் எதிர்க்கும்பல் கோர்டெலும் சமாதானம் பேச எதிரெதிரே உட்காருவதாக இருந்தது. கோர்டெலின் நண்பன் ஒருவன் சுடப்பட்டுச் செத்திருந்தான். அவன் பெயரைச் சொல்லிச் சிரித்து ஜார்க்வெஸ் ஒரு வீடியோ போட்டான். அந்த வாரமே ஜார்க்வெஸ் வீட்டு முன்ஜன்னலில் குண்டுகள் பாய்ந்தன. சோபாவில் அவன் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணை முழுக்கக் கண்ணாடித் துண்டு, பிள்ளை மேல் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த தடவை இப்படித் தப்பாது என்று டெல்ஃபீனுக்குத் தெரியும். இரண்டு பேர் வீட்டுக்கும் நடையாய் நடந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இந்தச் சந்திப்புக்குச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

சிறிது நேரத்தில் ஜார்க்வெஸ் போன் செய்தான்.

“ஆன்ட்டி, நான் வரல.”

“கண்ணு, அந்த ஆளு கோழிக்கடை எங்கன்னு கேட்டான்டா.”

“என்னைப் பாத்தா கேனயன் மாதிரி இருக்கா? நீங்க கூப்பிட்ட எடத்துக்கு நான் வந்தா, எனக்கு முன்னாடி போலீஸ் உக்காந்திருக்கும். விடுங்க. எங்க கணக்க நாங்களே தீத்துக்கறோம்.”

கோர்டெல் போனையே எடுக்கவில்லை. டெல்ஃபீன் தெருவில் நடந்தாள். தினமும் வாய் நிறைய ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. மூலையில் நின்ற குபியாக்கைப் பார்த்தபோது கழுத்தை நெரிக்கலாமா என்று தோன்றியது. அவன் அவளையும் பார்த்தான், அவளைக் கண்டு ஒதுங்குகிற ஜனங்களையும் பார்த்தான். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

மதியத்துக்கு மேல் அவள் காருக்குத் திரும்பினால், அங்கே குபியாக் அபராதச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். தீயணைப்புக் குழாய்க்கு முன்னால்தான் அவள் காரை நிறுத்தியிருந்தாள். அந்தத் தெருவே அங்கேதான் நிறுத்தும்.

“என்னய்யா பண்ற?”

“இங்க வண்டிய நிறுத்தக்கூடாது, மேடம்!” அவன் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

“மேடமா? காலையில மிஸ் டெல்ஃபீன், இப்ப மேடமா?”

ஜனம் கூடிவிட்டது. செல்போன்கள் உயர்ந்தன. குபியாக் சீட்டை வைப்பரின் அடியில் செருகக் குனிந்தான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான்.

“காலையில நான் பண்ணி வச்சது இப்பத்தான் புரிஞ்சுது. நல்லா திட்டுங்க, மிஸ் டெல்ஃபீன். எல்லாரும் பாக்கறாங்க.”

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

“கோழிக்கடைக்கு வழி காட்டினதுக்கு எனக்குக் கெடச்ச கூலி இதா? அந்த எறக்கை உன் தொண்டையில சிக்கட்டும்! ஒரு பந்த ஒழுங்காப் போடத் துப்பில்ல, சீட்டெழுத மட்டும் தெரியுதோ? நடந்து நடந்து உன் பூட்ஸு தேஞ்சு போகட்டும், உன் கமாண்டர் பூட்ஸும் சேந்து தேயட்டும்!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குபியாக் காது சிவக்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நகர்ந்தான். சலூன் வாசலில் லூஷியஸ் வாயைப் பிளந்து நின்றான்.

“துப்புக் குடுத்தவளுக்கு எவன் சீட்டெழுதுவான்? அடப்பாவி, நெசமாவே கோழிதானா!”

அந்த வீடியோ பரவிய வேகத்தைச் சொல்லி மாளாது. சொன்ன நேரத்துக்கு முன்பே ஜார்க்வெஸ் பின்னறைக்கு வந்து உட்கார்ந்தான். பின்னாலேயே கோர்டெலும் வந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையை முறைத்தார்கள். டெல்ஃபீன் பேச வாயெடுப்பதற்குள் கோர்டெல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

“அந்த எறக்கை உன் தொண்டையில சிக்கட்டும்...”

ஜார்க்வெஸ் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. கோர்டெலுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு முரடர்களும் கண்ணில் நீர் வரச் சிரித்து ஓய்ந்தார்கள். அதற்குப் பிறகு ஜார்க்வெஸ் தன் போனை நீட்டி, கோர்டெலின் கண்ணெதிரே தன் பழைய வீடியோவை அழித்தான்.

கோர்டெல் அந்தப் போனைப் பார்த்தபடியே சொன்னான்.

“உன் பொண்ணு உள்ள இருந்தது எனக்குத் தெரியாது.”

“இப்ப தெரியுதில்ல?”

“தெரியுது. இனிமே உன் வீட்டுப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான். நான் பாத்துக்கறேன்.”

அவர்களைப் பேசவிட்டு டெல்ஃபீன் வாசலுக்கு வந்தாள். வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டுக் கரி அடுப்பில் விலாக்கறி வாட்டும் வாசனை தெருவெல்லாம் வீசியது. அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது போல இருந்தது. தெருக்கோடியில் குபியாக் நின்றிருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்பது போலப் புருவத்தை உயர்த்தினான். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. வாசலில் பையன்கள் நின்றிருந்தார்கள். அவள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

“என்னய்யா மொறைக்கிற? அடுத்து எவனுக்கு எழுதலாம்னு பாக்கறியா? போய்யா! வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கு!”

பையன்கள் ஊளையிட்டுச் சிரித்தார்கள். குபியாக் சட்டென்று திரும்பி, குனிந்த தலை நிமிராமல் நடந்தான். அடக்கிய சிரிப்பில் அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.